தண்ணீருக்கு ஒரு தேதி: பாலக்காடு, இடுக்கி எல்லை ஆறுகளைப் பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



எல்லையோர ஆறுகளும் அவற்றின் நீர்ப் பயன்பாடும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். ஆறு ஆறாக எடுத்துச் சொன்னால் பொழுது போதாது. அதனால் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தண்ணீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எத்தனை டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்றுதான் கேட்கிறோம். சட்டமன்றத்திலும் அந்தக் கேள்விதான், செய்தித்தாளிலும் அந்தக் கேள்விதான். ஆனால் இந்த எல்லையில் நடந்த தகராறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், தண்ணீர் எந்த வாரத்தில் வந்தது, எந்த வாரத்தில் வராமல் போனது என்பதில்தான் அவற்றின் வேர் இருக்கிறது. பங்கு என்பது கன அடியில் பாதி, காலண்டரில் பாதி. முதல் பாதியை எழுதிக் கையெழுத்திட்டோம். இரண்டாம் பாதியை அரைகுறையாக எழுதினோம், சில இடங்களில் எழுதவே இல்லை. அதற்கான விலையை இரு பக்கத்து விவசாயிகளும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் இன்று நான் நிறுவ முயலும் கருத்து.

1. நிலம்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி விடுகிறது. அந்தக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை. அதன் தொடர்ச்சியாக மூணாறு, தேவிகுளம், ஏலமலை, பீர்மேடு. மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கொட்டித் தீர்க்கிறது. அதே மலையின் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், கம்பம் எல்லாம் மழை மறைவுப் பகுதிகள். கேரளத்துக்குள்ளேயே கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஊராட்சிகளும், இடுக்கியில் மறையூரும் சின்னாறும் மழை மறைவில்தான் கிடக்கின்றன. கேரளம் என்றால் எங்கும் தண்ணீர் என்று நினைப்பவர்கள் ஏப்ரல் மாதத்தில் வடகரப்பதிக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே. அவற்றில் பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும் பாம்பாறு இடுக்கி வழியாகவும் ஓடுகின்றன. மேற்கே ஓடும் ஆறுகள் சிலவற்றை மனிதன் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பியதும் இதே இரண்டு மாவட்டங்களின் மலைகளில்தான். ஆகவே இங்கே தண்ணீர் இரு திசையிலும் எல்லை தாண்டுகிறது. ஒரு மாநிலம் கொடுப்பது, மற்றது வாங்குவது என்று சொல்வது இந்த நிலத்துக்குப் பொருந்தாது. பாரதப்புழையின் வடிநிலம் 6,186 சதுர கிலோமீட்டர். அதில் 4,400 தான் கேரளத்தில். மீதி தமிழ்நாட்டில் கிடக்கிறது. பொன்னானியில் கடலில் கலக்கும் ஆற்றின் ஒரு தலை ஆனைமலையில், பொள்ளாச்சிக்காரர்கள் தங்கள் ஆறு என்று சொல்லும் ஆழியாற்றில் இருக்கிறது.

2. ஒப்பந்தத்தில் இருக்கும் தேதிகள்

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைப் பொள்ளாச்சியில் பி.ஏ.பி. என்ற மூன்று எழுத்தில் சொல்வார்கள். காமராசரும் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் முதலமைச்சர்களாக இருந்தபோது உருவான உடன்பாடு. 1961 அக்டோபரில் நேரு தொடங்கிவைத்தார். எழுத்து வடிவ ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ல். ஆனால் அது 1958 நவம்பர் 9-லிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. முல்லைப் பெரியாறு குத்தகையின் துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தானதும் அதே 1970 மே 29. ஒரே நாளில் எழுதப்பட்ட இந்த இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என் வாதம் பாதி விளங்கிவிடும். பெரியாற்றுக்குப் பிறகு வருகிறேன்.

திட்டத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல் நீராற்றில் தடுத்த தண்ணீர் சுரங்கம் வழியே தமிழ்நாட்டுச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம். அங்கிருந்து தூணக்கடவு. பிறகு சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாயில் மலைச்சரிவை ஒட்டியே ஓடித் திருமூர்த்தி அணை சேர்கிறது. ஒரு பங்கு ஆழியாறு அணைக்குப் போகிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன, தமிழ்நாட்டின் பொறியாளர்கள் இயக்குகிறார்கள். பரம்பிக்குளத்துக்குக் கேரளத்திலிருந்து வண்டியில் போக வேண்டுமென்றாலும் சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காட்டில் அணைக்கு முன்பிருந்தே வாழ்ந்த காடர்களும் மலசர்களும் இடம்பெயர்ந்தார்கள். இந்த ஒப்பந்தத்தின் எந்த அட்டவணையிலும் அவர்களுக்கு ஒரு வரி இல்லை என்பதை இங்கே சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தத்தில் தேதி எங்கெங்கே இருக்கிறது? நீர் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. மேல் நீராற்றுத் தண்ணீர் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை கேரளத்துக்கு. மற்ற மாதங்களில் தமிழ்நாடு திருப்பிக்கொள்ளலாம். கேரளச் சோலையாறு அணைக்கு ஆண்டுக்கு 12.3 டிஎம்சி. அந்த அணை செப்டம்பர் 1 அன்றும் பிப்ரவரி 1 அன்றும் நிரம்பியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எழுதியவர்கள் கோடையை நினைத்து எழுதியிருக்கிறார்கள். பிப்ரவரி 1-ல் நிரம்பிய சோலையாறு, கோடை முழுவதும் மின்சாரம் தந்து, பெரிங்கல்குத்து வழியாக இறங்கி, அதிரப்பள்ளியில் விழுந்து, தும்பூர்முழி தடுப்பணையிலிருந்து சாலக்குடி வட்டாரத்து வயல்களுக்குப் போகிறது. இந்த நிபந்தனையை ஒட்டியும் சச்சரவு வந்ததுண்டு. ஆனால் பிப்ரவரி 1 அன்று நீர்மட்டம் எவ்வளவு என்று இரு தரப்பும் ஒரே அளவுகோலைப் பார்த்துவிடலாம். சச்சரவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஆனைமலையாறு. அதிலிருந்து தமிழ்நாடு 2.5 டிஎம்சி திருப்பிக்கொள்ளலாம், ஆனால் கேரளம் இடமலையாறு திட்டத்தை முடித்த பிறகு. எந்த ஆண்டுக்குள் முடிய வேண்டும் என்று எழுதவில்லை. இடமலையாறு அணை 1985-ல் கட்டி முடிந்தது. அணை முடிந்ததால் திட்டம் முடிந்தது என்கிறது தமிழ்நாடு. பாசனக் கால்வாய்கள் முடியவில்லை, ஆகவே திட்டம் முடியவில்லை என்கிறது கேரளம். உடுமலையிலும் காங்கயத்திலும் ஆனைமலையாறு–நல்லாறு திட்டம் கேட்டுக் கூட்டம் போட்ட தலைமுறை ஒன்று மூப்படைந்துவிட்டது. இரு தரப்பு வாதத்திலும் சட்ட வலு இருக்கலாம். குறை இருப்பது தேதி இல்லாத அந்த வாக்கியத்தில்.

3. மணக்கடவு

சித்தூருக்கு உரிய பங்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. அது மணக்கடவுத் தடுப்பணையில் அளக்கப்படுகிறது. அங்கிருந்து எல்லை தாண்டி மூலத்தறை, பிறகு இடது வலது கால்வாய்கள், கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம் ஏரி, மீதி ஆற்றோட்டமாகச் சித்தூர்ப்புழை. துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் மடம் இதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. இந்த ஆறு பறளியில் கல்பாத்திப்புழையோடு சேரும் இடத்திலிருந்து பாரதப்புழை என்ற பெயரைப் பெறுகிறது.

7.25 டிஎம்சி எவ்வளவு தண்ணீர்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டின் 365 நாளும் ஒரே சீராக விட்டால் நொடிக்கு 230 கன அடி. அதே 7.25 டிஎம்சியை நொடிக்கு 20,000 கன அடி வீதம் வெள்ளமாக விட்டால் நான்கே நாளில் கடந்துபோய்விடும். ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒரே எண். வயலில் ஒன்று விளைச்சல், மற்றொன்று உடைப்பு. 2009 நவம்பர் வெள்ளத்தில் மூலத்தறை ஒழுங்காற்றி உடைந்ததைச் சித்தூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் எல்லை தாண்டிய தண்ணீருக்குக் குறைவில்லை.

இந்த அபத்தத்தைத் தவிர்க்கத்தான் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் இருக்கிறது. இரு மாநிலப் பொறியாளர்களும் உட்கார்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தவணையாக எவ்வளவு விடுவது என்று அட்டவணை போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. என் ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடும் இதுதான். ஆனால் ஒப்பந்தத்தின் உறுதி ஆண்டு மொத்தத்துக்கு இருக்கிறது. தவணைக்கு அதே உறுதி இல்லை. ஒரு தவணையில் குறைந்ததை அடுத்த தவணையில் ஈடுசெய்தால் பேரேட்டில் கணக்கு நேராகிவிடும். இரண்டாம் போகம் நட்டுக் கதிர் பிடிக்கும் பருவத்தில் பத்து நாள் காய்ந்த வயலுக்கு அந்த ஈடு, பந்தி முடிந்தபின் வந்த சோறுதான்.

பாலக்காட்டு நெல் சாகுபடியின் காலத்தை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் போகம் மழையை நம்பி நடக்கிறது. அக்டோபரை ஒட்டி நடும் இரண்டாம் போகம் வாய்க்காலை நம்பி நடக்கிறது. டிசம்பர், ஜனவரி இரண்டும்தான் உயிர் மாதங்கள். அதே டிசம்பர், ஜனவரியில்தான் ஆழியாற்றிலிருந்தும் திருமூர்த்தியிலிருந்தும் தமிழ்நாட்டு ஆயக்கட்டும் தண்ணீர் கேட்கிறது. ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் இருவருக்கும் பங்கு உண்டு. அந்த ஆறேழு வாரங்களுக்கு மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே குடத்தில் கை வைக்கிறார்கள். எல்லைச் சோதனைச்சாவடிகளில் சாலை மறியல் நடந்த காலங்களை எண்ணிப் பாருங்கள். மழை குறைந்த ஆண்டின் பின்பாதியில் வந்தவை அவை. ஆகஸ்டில் மறியல் நடந்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆழியாற்றின் தமிழ்நாட்டுப் பக்கத்திலேயே இந்தச் சிக்கலின் சிறு வடிவம் ஒன்று உண்டு. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்ற ஐந்து வாய்க்கால்களில் 6,400 ஏக்கர் பழைய ஆயக்கட்டு. அணை வருவதற்கு முன்பே ஆற்றிலிருந்து பாய்ந்த நிலங்கள் இவை, நெல் வயல்கள். அணை வந்தபின் சேர்ந்தது சுமார் 44,000 ஏக்கர் புதிய ஆயக்கட்டு. பழைய ஆயக்கட்டுக்காரர் போகத்தைக் கணக்கிட்டுக் கேட்கிறார், புதிய ஆயக்கட்டுக்காரர் முறையைக் கணக்கிட்டுக் கேட்கிறார். இரண்டும் ஒரே மதகில் வந்து மோதுகின்றன. மாநில எல்லையே இல்லாத இடத்திலும் இதே தகராறு எழுகிறது என்றால், இதை மலையாளி–தமிழர் தகராறாகப் பார்ப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும். சித்தூரில் வாய்க்கால் நீரை எதிர்பார்த்திருக்கும் விவசாயிகளில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கணிசமானவர்கள் என்பதையும் இந்த அவைக்கு நினைவூட்டுகிறேன்.

4. பயிர் மாறியது, அட்டவணை மாறவில்லை

பி.ஏ.பி. பாசனம் புன்செய்ப் பயிருக்காக வகுக்கப்பட்டது. நிலக்கடலை, பருத்தி, சோளம், மக்காச்சோளம். பின்னால் ஆயக்கட்டு விரிந்துகொண்டே போய் நான்கு மண்டலங்களாகப் பிரிந்தது. ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் அடுத்த முறை வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அந்த ஒரு முறைக்குள்ளும் விட்டு விட்டு, சுற்றுச் சுற்றாகத்தான் தண்ணீர். நான்கு மாதத்தில் அறுவடையாகும் பயிருக்கு இந்த முறை பொருந்தும்.

இன்று பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை பார்வைக்கு எட்டிய தூரம் தென்னை. தென்னைக்குப் போகம் கிடையாது. அதற்கு 365 நாளும் ஈரம் வேண்டும். எல்லைக்கு இப்பால் சித்தூரிலும் தென்னைதான். கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர்த் தோப்புகளிலிருந்து இறங்குகிறது. பாளை சீவும் மரம் வாடினால் அன்றைய கூலி போயிற்று. முதலமடையில் மாந்தோப்புகள். அங்கே நாட்டில் மற்ற இடங்களுக்கு முந்தி மாங்காய் சந்தைக்கு வருகிறது. மாவுக்குப் பூக்கும் காலத்தில் ஈரம் ஆகாது, காய் பிடித்த பிறகுதான் வேண்டும். ஆக ஒரே கால்வாயின் கீழே நெல், தென்னை, மா, காய்கறி என்று நான்கு காலண்டர்கள் ஓடுகின்றன. அட்டவணை மட்டும் ஒன்று.

அட்டவணைக்கு வெளியே தண்ணீர் வேண்டுமென்றால் விவசாயி எங்கே போவார்? கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் போவார். கால்வாய் ஓரத்துக் கிணறுகளிலிருந்து குழாய் வழியே தொலைவுத் தோப்புகளுக்குத் தண்ணீர் போவதும், அதைத் திருட்டு என்று கடைமடைக்காரர் முறையிடுவதும் பி.ஏ.பி. பகுதியில் ஆண்டுதோறும் நடப்பவை. முறையிடுபவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தோப்பை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு காத்திருக்க முடியாத மனிதரை வெறும் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தூர் வட்டாரத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதி என்று வகைப்படுத்தியது இந்தப் பின்னணியில்தான். தேதி இல்லாத தண்ணீர் என்று எண்ணி எல்லாரும் நிலத்தடிக்குப் போனார்கள்.

பிளாச்சிமடையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூலத்தறைக் கால்வாயிலிருந்து அதிகத் தூரமில்லை. பெருமாட்டி ஊராட்சியில் 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. ஆண்டு முழுக்க, இரவு பகலாக நிலத்தடி நீர் எடுக்கும் ஓர் ஆலையை, கோடையில் கிணறு தாழும் ஊரில் நிறுவினார்கள். கிணற்று நீர் குடிக்க உதவாமல் போனதாக ஊரார் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22-ல் ஆதிவாசிகள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்து மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010-ல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார். அந்த ஊரின் இழப்பீட்டுக்கும் எவரும் தேதி குறிக்கவில்லை.

5. பெரியாறு

இடுக்கிக்கு வருவோம். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே கையெழுத்தான குத்தகையில் காலம் என்று ஒன்றுதான் உண்டு: 999 ஆண்டு. எந்த மாதம் எவ்வளவு என்ற பேச்சே இல்லை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். பென்னி குவிக்கின் அணை 1895-ல் முடிந்து, மேற்கே போன தண்ணீர் சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிச் சுருளியாற்றிலும் வைகையிலும் கலந்தது. 1970 மே 29-ல் வாடகை முப்பது ரூபாய் ஆயிற்று, மின்சாரம் எடுக்க உரிமை வந்தது. அன்றும் தேதி எழுதப்படவில்லை. பி.ஏ.பி. ஒப்பந்தத்தில் செப்டம்பர் 1, பிப்ரவரி 1 என்று நாள் குறித்த அதே இரு அரசுகள்தான்.

கீழே, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தேதி தானாக உருவாகி நிலைத்தது. ஜூன் 1-ல் தேக்கடி மதகைத் திறந்து 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். அடுத்து வைகை அணையிலிருந்து 45,041 ஏக்கர் இருபோக நிலம், பிறகு மேலூர், திருமங்கலம் வரைக்கும் 1,05,002 ஏக்கர் ஒருபோக நிலம். கூடலூரிலோ கம்பத்திலோ நெல் நடுகிறவர் அந்த ஜூன் 1-ஐ வைத்துத்தான் நாற்றங்கால் போடுகிறார்.

மேலே மலையில், அணையின் கேரளப் பக்கத்தில், வண்டிப்பெரியாற்றிலும் சப்பாத்திலும் ஆற்றோரம் வாழும் மக்களுக்கு வேறு காலண்டர். அவர்கள் அஞ்சுவது ஆகஸ்டையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தையும். எச்சரிக்கை இல்லாமல் இரவில் ஷட்டர் திறந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையான பயம். அந்த வீடுகளிலும் கணிசமானவை தோட்டத் தொழிலாளர்களாக வந்த தமிழர் வீடுகள். 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று பல ஆண்டு நடந்த வழக்கில் பெரும்பாலும் உயரமே பேசப்பட்டது. 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் சொன்ன எண் 142. இன்று அந்த எண்ணோடு மத்திய நீர் ஆணையத்தின் ரூல் கர்வ் சேர்ந்திருக்கிறது. பத்து நாளுக்கு ஒரு படியாக இன்ன தேதியில் இன்ன அடி வரை தேக்கலாம் என்ற ஏற்பாடு. 2021 அக்டோபர் 28-ல் நீதிமன்றம் 139.5 அடி என்று சொன்னபோது, நவம்பர் 10 வரை என்று சேர்த்துச் சொன்னது. நவம்பர் 30 வரும்போது 142. உயரத்தோடு தேதியும் சேர்ந்த நாளில்தான் இரு தரப்பு அச்சமும் தேவையும் ஒரே தாளில் எழுதக்கூடியவை ஆயின. இந்த ஏற்பாட்டில் இரு மாநிலங்களுக்கும் மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் 1886-லேயே செய்திருக்க வேண்டிய வேலையின் முதல் வரி இது என்று கருதுகிறேன்.

பெரியாறு பற்றி இன்னொரு செய்தி. ஆற்றை வேறு வடிநிலத்துக்குத் திருப்பியது தமிழ்நாடு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1976-ல் தொடங்கிவைக்கப்பட்ட இடுக்கி அணையும் பெரியாற்றைத் திருப்புகிறது. மூலமற்றத்தில் 780 மெகாவாட் மின்சாரம் தந்துவிட்டு அந்தத் தண்ணீர் தொடுபுழை வழியாக மூவாற்றுப்புழையில் சேர்கிறது. மலங்கரையிலிருந்து பாசனத்துக்கும் போகிறது. மின்தேவை கூடும் நேரத்தில் அங்கே தண்ணீர் கூடுதலாக இறங்குகிறது. அதாவது மூவாற்றுப்புழையின் கோடை ஓட்டத்தை வீட்டு விளக்கும் விசிறியும் நிர்ணயிக்கின்றன. கேரளத்துக்குள்ளேயே மின்வாரியக் காலண்டர் ஒன்று, பாசனத் துறைக் காலண்டர் ஒன்று என்று இருப்பதை வெளிப்படையாகப் பேசினால் அண்டை மாநிலத்தோடு பேசுவதும் எளிதாகும்.

6. கிழக்கே ஓடுபவை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனைமுடிப் பக்கத்தில் பிறந்து மறையூர் வழியே இறங்கிச் சின்னாற்றோடு கூடி அமராவதி அணைக்குப் போகிறது பாம்பாறு. 2007-ல் காவிரித் தீர்ப்பாயம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. காந்தளூர் பட்டிசேரியில் அணை கட்டக் கேரளம் 2014-ல் அடிக்கல் நாட்டியபோது உடுமலையிலும் தாராபுரத்திலும் எதிர்ப்பு எழுந்தது. மூன்று டிஎம்சி என்பதை இருவரும் மறுக்கவில்லை. மறையூரும் காந்தளூரும் அடங்கிய அஞ்சுநாட்டுக் கரும்புக்கும் பூண்டுக்கும் கோடையில் தண்ணீர் வேண்டும். அமராவதி நிரம்புவது ஜூன், ஜூலையில். மழைக்காலத்தில் தேக்கிக் கோடையில் எடுத்தால் கீழே எத்தனை நாள் தாமதமாகும் என்று கேட்டிருந்தால் அது பொறியாளர்கள் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய கேள்வி. அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

சிறுவாணி குடிநீர். 1973 ஒப்பந்தப்படி 99 ஆண்டுக்கு 1.3 டிஎம்சி கோவைக்கு. குடிநீருக்குப் பருவம் இல்லை. மே மாதக் கடைசி வாரம்தான் அதன் உரைகல். அணையில் எந்த மட்டம் வரை தேக்குவது என்ற சர்ச்சையும் அந்த வாரத்தை எண்ணித்தான் எழுகிறது.

7. பிறர் எழுதிய அட்டவணைகள்

நாம் கேட்பது புதிதல்ல. 1996-ல் இந்தியாவும் வங்கதேசமும் கையெழுத்திட்ட கங்கை ஒப்பந்தம் ஜனவரி 1 முதல் மே 31 வரையிலான காலத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, பராக்காவில் ஒவ்வொரு பத்து நாளுக்கும் பங்கு எழுதியது. மார்ச் 11 முதல் மே 10 வரை மாறி மாறி ஒரு பத்து நாள் எனக்கு உறுதி 35,000 கன அடி, அடுத்த பத்து நாள் உனக்கு. குறைகள் உண்டு, ஆனால் சண்டையின் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்த ஒப்பந்தம். காவிரியில் 2018 தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டுக்கு உரிய 177.25 டிஎம்சியை ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். இன்று காவிரியில் வாதமே அந்த மாதத் தவணையை வைத்துத்தான் நடக்கிறது.

எதிர் உதாரணமும் வேண்டும். அமெரிக்காவும் மெக்சிகோவும் 1944-ல் செய்த உடன்படிக்கையில் ரியோ கிராண்டே தண்ணீருக்கு ஐந்தாண்டுச் சுற்று. ஐந்தாண்டில் கணக்கு நேரானால் போதும். முதல் ஆண்டுகளில் மெக்சிகோ பாக்கி வைக்கிறது, டெக்சாஸ் விவசாயி காய்கிறார், கடைசி ஆண்டில் இரு நாட்டு அரசுகளும் பதறுகின்றன. சுற்று நீண்டால் மேலிருப்பவருக்கு வசதி, கீழிருப்பவருக்கு நட்டம். நம் 7.25 டிஎம்சியின் ஓராண்டுச் சுற்றும் அளவில் சிறிய அதே நோய்தான்.

8. என்ன செய்யலாம்

பி.ஏ.பி. ஒப்பந்தத்தை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. 1988-ல் செய்திருக்க வேண்டும். இரண்டாவது தவணை 2018-ல் வந்து போயிற்று. 2019 செப்டம்பர் 25-ல் இரு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழுக்கள் அமைக்க முடிவு செய்தார்கள். மறுபரிசீலனை என்ற சொல்லைக் கேட்டதும் இரு பக்கமும் தங்கள் டிஎம்சி குறைந்துவிடுமோ என்று அஞ்சுகின்றன. அந்த அச்சம்தான் பேச்சை நகரவிடாமல் வைத்திருக்கிறது. அளவைத் தொடாமலே பேசத் தொடங்கலாம் என்பது என் யோசனை. 7.25 அப்படியே இருக்கட்டும். தவணை அட்டவணைக்கு ஆண்டு மொத்தத்துக்கு உள்ள அதே உறுதியைக் கொடுங்கள். செப்டம்பர் நடுவுக்குள், நாற்றுவிடுவதற்கு முன்பே, அதைக் கொழிஞ்சாம்பாறையிலும் ஆனைமலையிலும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுங்கள். மழை பொய்த்த ஆண்டில் எந்த வாரத்தை யார் விட்டுக்கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். எந்த வாரத்தில் தண்ணீர் இருக்காது என்று தெரிந்தால் விவசாயி வேறு பயிர் வைப்பார், அல்லது நிலத்தைத் தரிசாகப் போட்டுக் கடன் வாங்காமல் இருப்பார். கடன் வாங்கி நட்டபின் ஜனவரியில் தெரியவருவதுதான் அவரை ஒடிக்கிறது.

ஆற்றுக்கும் அந்த அட்டவணையில் ஒரு வரி வேண்டும். 2022 செப்டம்பர் 21-ல் பரம்பிக்குளம் அணையின் ஒரு ஷட்டர் உடைந்து, தேக்கிய நீர் சாலக்குடிப்புழையில் ஓடியது. விபத்தால் வந்த அந்தத் தண்ணீர் எந்த அட்டவணையிலும் இல்லாதது. பாரதப்புழை கோடையில் மணல்வெளியாகக் கிடக்கிறது. ஆற்றங்கரைக் குடிநீர்க் கிணறுகளை நம்பியிருக்கும் கரையோர ஊர்களுக்கு மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம் ஒரு சிறு ஓட்டம் போதும். எந்த வாரம், எவ்வளவு என்று குறித்துவிட்டால் அது பாசனத்தைப் பெரிதாகத் தொடாத அளவிலேயே அமையும்.

கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியத்தில் இன்று இருப்பவர்கள் பொறியாளர்கள். அவர்களோடு மூலத்தறைக் கடைமடைக்காரர் ஒருவர், ஆழியாறு பழைய ஆயக்கட்டுக்காரர் ஒருவர், திருமூர்த்திக் கடைமடைக்காரர் ஒருவர், பரம்பிக்குளம் ஆதிவாசி ஊரிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். இது இரு அரசுகளும் ஒரு கடிதப் போக்குவரத்தில் செய்யக்கூடிய காரியம், உச்ச நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணக்கடவில் தினமும் அளவு எடுக்கப்படுகிறது. ஆண்டு மொத்தங்கள் வெளியே தெரிகின்றன, நாள்வாரிப் பதிவேடுகளை எவரும் வரிசைப்படுத்திப் படித்ததாகத் தெரியவில்லை. தகவல் உரிமைச் சட்டப்படி இரு மாநிலத்திலும் விண்ணப்பிக்கலாம். கேரளத்து மாணவர் ஒருவரும் தமிழ்நாட்டு மாணவர் ஒருவருமாகச் சேர்ந்து, நடவு நாளும் பூக்கும் நாளும் அறுவடை நாளும் எழுதிய பயிர்க் காலண்டரை அந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து, முப்பது ஆண்டுக்கு ஓர் அட்டவணை தயாரித்தால், மறுபரிசீலனைக் குழுவின் மேசையில் வைக்க நம்மிடம் ஓர் ஆவணம் இருக்கும். அப்படி முன்வருபவர்களுக்கு என்னிடம் உள்ள குறிப்புகள் அனைத்தையும் தரச் சம்மதிக்கிறேன்.